கை நனைக்காத காப்பி

"டம்ளர் நெறைய இருந்துச்சுங்க டீச்சர். ஒரு சொட்டுக்கூடக் கொறையலைங்க."

தன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து நித்யஸ்ரீ இதை மூன்றாவது முறையாகச் சொன்னாள். விமலாராணி மூன்றாவது முறையாகவும் நோட்டில் எழுதிக்கொண்டார்.

விமலாராணி பிறவித் துப்பறிவாளர் அல்லர். அரசுப் பள்ளியில் வேதியியல் டீச்சர். பொதுத்தேர்வுப் பறக்கும் படையில் இருபத்திரண்டு வருடம் காப்பி அடிப்பவர்களைப் பிடித்தவர். ஓய்வு பெற்ற மறுமாதம் கணபதியில் ஒரு பேக்கரி மாடியில் துப்பறியும் நிலையம் என்று போர்டு மாட்டிவிட்டார். உதவியாளன் மெல்வினும் அந்தப் பறக்கும் படை காலத்துச் சம்பாத்தியம்தான். பதினாறு வருடத்துக்கு முன் பிளஸ் டூ இயற்பியல் பரீட்சையில், இடது சாக்ஸுக்குள் பிட்டோடு சிக்கியவன். "அன்னிக்குப் பிடிச்சாங்க, இன்னும் விடலைங்க" என்றுதான் தன்னை அறிமுகம் செய்துகொள்வான்.

"இத்தனை வருசம் காப்பி அடிச்சவனைப் பிடிச்சீங்க. இப்பக் காப்பி குடிச்சவரைப் பிடிக்கோணும். பிரமோஷன்தான் டீச்சர்" என்று முணுமுணுத்தான் மெல்வின்.

டீச்சர் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்தார். எதிரே இருந்தவள் அப்பாவைப் பறிகொடுத்துப் பதினைந்து நாள்தான் ஆகியிருந்தது.

விஷயம் இதுதான். நித்யஸ்ரீயின் அப்பா வேங்கடசாமி, சூலூரில் நாற்பது விசைத்தறி ஓட்டியவர். ஏழு வருடத்துக்கு முன் மகள் பிராங்க் என்கிற கத்தோலிக்கரைச் சர்ச்சில் வைத்துக் கட்டிக்கொண்டாள். சர்ச் கேட்டுக்கு வெளியே நின்று, பங்குச் சாமியாரிலிருந்து ஆட்டோ ஸ்டாண்டு வரை எல்லார் காதிலும் விழும்படி வேங்கடசாமி ஒரே வாக்கியம் சொன்னார்: "செத்தாலும் உன்ற ஊட்டுல கை நனைக்க மாட்டேன்."

கொங்குநாட்டில் இது லேசான பேச்சில்லை. ஒரு வீட்டில் ஒரு வாய் காப்பி குடித்துவிட்டால் அந்த உறவுக்குக் கையெழுத்துப் போட்டதாக அர்த்தம். பெண் பார்க்கப் போகிறவர்கள் பேச்சு முடியும்வரை நாக்கு மேலண்ணத்தில் ஒட்டினாலும் தண்ணீரைத் தொட மாட்டார்கள். பத்திரப் பதிவு அலுவலகத்தில் செல்லாமல் போகிற கையெழுத்து உண்டு. காப்பி டம்ளரில் போட்ட கையெழுத்து செல்லாமல் போனதாகச் சரித்திரம் இல்லை.

ஏழு வருடம் அவர் வரவில்லை. பதினைந்து நாளைக்கு முன், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு வந்தார்.

"கதவத் தெறந்தா நிக்கறாருங்க. கையில ஒரு பையி. 'இந்தப் பக்கமா வந்தேன்'னாரு. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. காப்பி போட்டுக் கொண்டாந்து முன்னால வெச்சனுங்க. குடிங்கன்னு சொல்லக்கூட பயம். அந்நேரம் பாத்து பொண்ணு ஸ்கூல்ல இருந்து போன். உள்ள போய்ப் பேசிட்டு வாரேன், எந்திருச்சுச் செருப்பு மாட்டிட்டாரு. 'செரி அம்மணி, வாரேன்'னாரு. டம்ளர் வெச்சபடியே நெறைய இருக்குது."

"ஆவி பறந்துச்சா?"

"பறந்துச்சுங்க. சுடச்சுட இருந்துச்சு. தொடவே இல்லைங்க அவரு."

அன்று மதியம் ஒன்று நாற்பதுக்குக் காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில், சூலூர் பஸ்ஸுக்கு நின்ற வேங்கடசாமி அப்படியே சரிந்தார். மாரடைப்பு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது உயிர் இல்லை.

இதில் துப்பறிய என்ன இருக்கிறது என்றால், அவர் கையில் ஒரு பட்டை இருந்தது. நாடி, தோலின் வியர்வை, சூடு, விரல் நடுக்கம் இவற்றையெல்லாம் பார்த்து, கட்டியிருப்பவர் காப்பி குடித்தாரா இல்லையா என்று சொல்லும் பட்டை. டாக்டர் காப்பி கூடாது என்று சொன்ன பெரியவர்களைக் கண்காணிக்க, சூலூரில் நாற்பது பேருக்குச் சோதனையாகக் கட்டிவிட்டிருந்தார்கள். கட்டிவைத்த சேவைச் சங்கத்தின் தலைவர் வேங்கடசாமியின் மகன் கதிர்வேல். அப்பா குடித்தால் மகன் போனுக்குச் செய்தி வரும். அந்தச் செவ்வாய்க்கிழமை பன்னிரண்டேகாலுக்கு வந்தது: 'உங்கள் அன்புக்குரியவர் காஃபின் உட்கொண்டுள்ளார்.' பக்கத்தில் சிரிக்கிற ஒரு கோப்பைப் படம் வேறு.

அந்தக் கோப்பையை எழவு வீட்டில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் காட்டினான் கதிர்வேல். ஆகாதென்று டாக்டர் சொன்ன காப்பியைக் கொடுத்து அப்பாவைக் கொன்றவள் தங்கை. பதினாறாம் நாள் காரியத்துக்கு அவள் வாசப்படி மிதிக்கக் கூடாது. காரியம் நாளைக்கு.

"டாக்டர்கிட்டப் பேசிட்டேன்மா. மூணு அடைப்பு. ஒரு டம்ளர் காப்பி கொன்னுருந்தா கோயமுத்தூர் எப்பவோ காலியாயிருக்கும்னு சொல்றாரு" என்றார் விமலாராணி.

"அதை எங்கண்ணன் கேக்க மாட்டாருங்க. நான் குடுத்தேன், அப்பா குடிச்சாரு, செத்துட்டாரு. அவருக்கு அவ்வளவுதான். நாளைக்கு ஓரமாவாச்சும் நின்னு நான் அழுகோணும் டீச்சர். அவரு குடிக்கலைன்னு நிரூபிச்சுக் குடுங்க."

சொல்லிவிட்டுச் சேலைத் தலைப்பைச் சுருட்டினாள். பிறகு கீழே பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"குடிக்கலைன்னா கடைசி வரைக்கும் என்னைய ஏத்துக்கலைன்னு அர்த்தம். அதுவும் எனக்குத் தெரியும்."



"அந்த டம்ளரை என்ன பண்ணே?" என்றார் விமலாராணி.

பதில் சமையலறைப் பக்கமிருந்து வந்தது. நித்யஸ்ரீயின் கணவன் பிராங்க், கையில் அதே மாதிரி ஒரு பட்டையோடு நின்றிருந்தான். அந்தப் பட்டையைச் செய்யும் கம்பெனியிலேயே ஒயர் பற்றவைக்கிற வேலை அவனுக்கு. ஊழியர் எல்லாருமே கட்டியிருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம்.

"நாந்தாங்க குடிச்சேன். ஒரு மணிக்குச் சாப்பாட்டுக்கு வந்தேன். இவ ரூமுக்குள்ள அழுதுட்டு இருக்கா. ஆறிப்போன காப்பி கெடந்துச்சு. வீணாப் போகுதேன்னு நின்னபடியே குடிச்சுப்போட்டேன். வேற இவ மேல தப்பே இல்லைங்க, இனிப்பு மட்டும் கொஞ்சம் தூக்கலா இருந்துச்சு."

"இப்படித்தாங்க! அன்னிக்கும் இதையே சொன்னாரு! எங்கப்பா சக்கரை போட்டா குடிக்கவே மாட்டாரு, நான் போடவே இல்ல. அழறவகிட்ட வந்து நக்கல்" என்று சீறினாள் நித்யஸ்ரீ.

"ஏம்ப்பா, ஆறிப்போன காப்பி வாசத்துலயே குமட்டாதா?" என்றான் மெல்வின்.

"எனக்குக் கொரோனாவுல போன வாசம் இன்னும் திரும்பலைங்க. நாக்குல இனிப்பு, உப்பு, புளிப்பு தெரியும். மத்தபடி காப்பியும் ஒண்ணுதான், கழனித்தண்ணியும் ஒண்ணுதான்."

"எதைக் குடுத்தாலும் குடிப்பாரு. கொடுத்து வெச்ச மாமியார் வூடு" என்றான் மெல்வின்.

விமலாராணி நோட்டில் 'இனிப்பு' என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டார்.

*

பட்டையைச் செய்யும் நாடிவளை நிறுவனம் அங்கிருந்து இருபது நிமிட நடை. கீழே லேத் பட்டறை, மேலே எதிர்காலம். படியேறியதும் 'மனித ஆற்றல் நுண்ணறிவு மையம்' என்று பித்தளை எழுத்து. நிறுவனர் பாலுசாமி மூன்று வருடம் முன்புவரை இதே மாடியில் கிரைண்டர் மூடி செய்துகொண்டிருந்தார். இப்போது கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. சொந்தக் கம்பெனியில் தன்னை யாரும் தடுத்துவிடக் கூடாதே என்ற எச்சரிக்கையாக இருக்கலாம்.

"நாங்க பண்றது பிசினஸ் இல்லீங்க மேடம். இது ஒரு மூவ்மென்ட்" என்று ஆரம்பித்தார்.

"எந்தப் பக்கமாங்க மூவ் ஆகுது?" என்றான் மெல்வின்.

"உலகம் பூரா, தம்பி. மனுசன் வாய் பொய் சொல்லும். உடம்பு சொல்லாது. உடம்பை நாங்க கேக்கறோம். நூத்துக்குத் தொண்ணூத்தேழு தடவை சரியாச் சொல்றோம்."

பின்னால் கம்ப்யூட்டர் முன் இருந்த பெண் இருமினாள். இருமலில் நேர்மை இருந்தது. விமலாராணி நாற்காலியை அவள் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். பெயர் சாய்ப்ரியா, பட்டையின் கணக்கையெல்லாம் எழுதியது அவள்தான்.

"அந்த மூணு தடவை என்னாகும்மா?"

சாய்ப்ரியா முதலாளியைப் பார்த்தாள். முதலாளிக்கு நல்ல நேரத்தில் போன் வந்து, 'எக்கோசிஸ்டம்' என்று சொல்லிக்கொண்டே வெளியே போனார்.

"மூணுன்னு சார்தாங்க சொல்றாரு. பட்டைக்குக் காப்பி தெரியாதுங்க மேடம். அதுக்குத் தெரியறது நாடியும் வேர்வையும்தான். மத்தது ஊகம். வேகமா மாடிப்படி ஏறுனாலும் காப்பிங்கும். ஒருக்கா சாரு பணம் போடறவங்களைப் பாக்கப் போனப்ப எட்டு டம்ளர்னு காட்டுச்சு."

மெல்வின் கையைத் தட்டினான். "முடிஞ்சுது டீச்சர்! ஏழு வருசம் கழிச்சு மகளைப் பாத்த படபடப்பு. பட்டை அதைக் காப்பின்னு நெனச்சுருச்சு. இந்தப் பொண்ணுகிட்ட ஒரு கையெழுத்து வாங்கிக் கதிர்வேல் மூஞ்சியில ஒட்டிட்டு வந்துரலாம்."

"கையெழுத்துப் போடறேங்க" என்றாள் சாய்ப்ரியா. ஆனால் அவள் முகம் போடவில்லை.

"ஆனா?" என்றார் விமலாராணி.

சாய்ப்ரியா திரையில் ஒரு கோட்டை வரவழைத்தாள். வேங்கடசாமியின் கடைசி நாள். பதினொன்று ஐந்துக்கு ஊசி மாதிரி ஒரு ஏற்றம், அதே வேகத்தில் இறக்கம். "இதாங்க படபடப்பு. மகளைப் பாத்தது. ஏறும், எறங்கிரும். அடுத்தது பாருங்க." பதினொன்று முப்பத்தைந்திலிருந்து கோடு அவசரமில்லாமல் ஏறியது. ஏறி, அங்கேயே நின்றது. ஒன்று நாற்பதுவரை. "இப்படி ஏறி நிக்கறது படபடப்பு இல்லைங்க. காப்பி உள்ள போயி இருபது நிமிசத்துல வேலையை ஆரம்பிக்கும். அப்படின்னா பதினொண்ணேகால் வாக்குல குடிச்சிருக்காரு."

அந்த நேரம் அவர் மகள் வீட்டில்தான் இருந்தார்.

"அங்கிருந்து எங்க போனாரு?"

"இங்கதாங்க. பதினொண்ணு நாப்பதுக்கு வந்தாரு. அந்த பெஞ்சுல ஒரு மணி நேரம் உக்காந்திருந்தாரு." சாய்ப்ரியா ஜன்னலோரம் கிடந்த பெஞ்சைக் காட்டினாள். "ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா செவ்வாக்கிழமை வந்துருவாருங்க. பட்டையில இருக்கறதெல்லாம் போன் வழியா தானா வந்துரும், நீங்க அலைய வேண்டாம்னு எத்தனையோ வாட்டி சொல்லியிருக்கேன். 'இருக்கட்டும் அம்மணி, நேர்ல குடுத்தாத்தான் எனக்கு நம்பிக்கை'ம்பாரு."

விமலாராணி எழுந்து அந்தப் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். எதிரே கண்ணாடித் தடுப்பு. தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒயர் பற்றவைக்கிற மேஜைகள். முதல் மேஜையில், சாப்பாட்டு நேரம் முடிந்து திரும்பிய பிராங்க் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தான்.

பெஞ்சிலிருந்து பார்த்தால் நேர் எதிரே அவன்தான்.

"அம்மணி, பிராங்க்கோட கோட்டையும் காட்டு. அதே செவ்வாய்க்கிழமை" என்றார் விமலாராணி.

"ஊழியருதெல்லாம் வெளிய காட்டக் கூடாதுங்க."

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து பிராங்க் தலையாட்டி அனுமதி கொடுத்த பிறகுதான் காட்டினாள். தினமும் மாலை நாலரைக்கு ஒரு குன்று: கம்பெனியில் நாலு மணிக்குத் தருகிற காப்பி. ஒரு நாள்கூடத் தப்பவில்லை. இந்த மனிதனுக்குக் காப்பி வேலை செய்யும். ஆனால் அந்தச் செவ்வாய்க்கிழமை ஒரு மணிக்கு, ஒரு டம்ளர் 'காப்பி'யை நின்றபடியே குடித்த பிறகு, கோடு தரையோடு படுத்திருந்தது. ஒன்றரை, ஒன்று நாற்பது, ஒன்றே முக்கால். எதுவுமில்லை. இரண்டு ஐந்துக்கு ஒரு ஊசி.

"அது?" என்றான் மெல்வின்.

"ஆஸ்பத்திரியில இருந்து போன் வந்த நேரமா இருக்கும்" என்றார் விமலாராணி.

மெல்வின் இரண்டு கோட்டையும் மாறி மாறிப் பார்த்தான். "டீச்சர், எனக்குத் தலை சுத்துது. குடிக்காதவரு காப்பி குடிச்சிருக்காரு. குடிச்சவரு காப்பி குடிக்கல. அப்ப அந்த டம்ளர்ல இருந்தது என்னதான்?"

"வண்டியை எடு. சூலூர் போகணும். அந்தப் பையில என்ன இருந்துச்சுன்னு பாக்கணும்."

*

சூலூர் வீட்டு வாசலில் கண்ணீர் அஞ்சலி பிளெக்ஸ் இருபதடிக்கு நின்றது. வேங்கடசாமி மூலையில் வட்டத்துக்குள் இருந்தார். நடுவில் ஆளுயரத்துக்கு, கைகூப்பியபடி, சங்கத் தலைவர் கதிர்வேல்.

"இவங்கள்ல யாருங்க டீச்சர் செத்தது?" என்றான் மெல்வின்.

எதிர்ப்புறம் மளிகைக் கடை ஓரத்தில் ஸ்கூட்டர் நின்றது. பக்கத்தில் நித்யஸ்ரீயும் பிராங்க்கும். விமலாராணி வரச் சொல்லியிருந்தார். இப்போது அவள் பக்கத்தில் போய்த் தணிந்த குரலில் பேசினார்.

"நித்யா, என்கிட்ட ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, பட்டை தப்பு, அது வெறும் படபடப்புன்னு கம்பெனியே எழுதிக் குடுக்கும். உங்கண்ணன் வாயை அடைச்சுரலாம். நாளைக்கு நீ உள்ள நிக்கலாம். இன்னொண்ணு, அப்பா அன்னிக்குக் கொண்டுவந்த பையைத் திறந்து பாக்கறது. திறந்தா, குடிச்சாரா இல்லையான்னு நிசம் தெரிஞ்சிரும். குடிச்சிருந்தா உங்கண்ணன் பேச்சுக்கு ஆதாரம் நானே குடுத்த மாதிரி. அதுக்கப்பறம் அவன் உன்னை உள்ள விட மாட்டான். எது வேணும்?"

அவள் அந்த வீட்டைப் பார்த்தாள். பிளெக்ஸ் மறைத்தது போக மிச்சமிருந்த வீட்டை.

"குடிச்சிருப்பாருங்களா டீச்சர்?"

"எனக்குத் தெரியல. பையிலதான் இருக்கு."

"தெறங்க" என்றாள்.

கதிர்வேல் வெள்ளைச் சட்டையில் வரவேற்றான். துப்பறிவாளர் வந்தது அவனுக்குச் சந்தோஷம்தான். கோப்பைப் படத்தைக் காட்ட இன்னும் இரண்டு பேர் கிடைத்திருக்கிறார்கள். "என்ற சமுதாயப் பணியில நாப்பது பெரியவங்க உசிரக் காப்பாத்தீட்டு இருக்கனுங்க. என்ற சொந்த அப்பனை என்ற கூடப் பொறந்தவளே..." என்று மேடைக் குரலில் தொடங்கி, தொண்டையை அடைக்க வேண்டிய இடத்தில் சரியாக அடைத்துக்கொண்டான்.

விமலாராணி அவனைத் தாண்டிப் போய் உள்ளே உட்கார்ந்தார். வேங்கடசாமியின் படத்துக்கு விளக்கேற்றி, பக்கத்தில் அவர் மனைவி கருப்பாத்தாள் சுவரில் சாய்ந்திருந்தார்.

"ஏனுங்க, அவர் அன்னிக்குக் கொண்டுபோன பை இருக்குங்களா?"

கருப்பாத்தாள் அலமாரியைக் கைகாட்டினார். "ஆஸ்பத்திரியில குடுத்தபடியே கெடக்குதுங்க. நான் தெறக்கலை. மனசு வரலை."

பையில் ஒரு துண்டு, கண்ணாடிக்கூடு, ஒரு சில்வர் பிளாஸ்க்.

"மல்லிக் காப்பிங்க. கொத்தமல்லியும் சுக்கும் வறுத்துப் பொடிச்சு, பால் ஊத்தி, கருப்பட்டி போட்டு. டாக்டர் காப்பி ஆகாதுன்ன நாள்ல இருந்து இதுதான் குடுத்துவுடறேன். அவருக்குப் புடிக்காது. கொண்டுபோனபடியே கொண்டாந்துருவாரு. நானும் மறுநாள் ஊத்திக் குடுத்துவுடுவேன்."

"அன்னிக்கு எவ்வளவு ஊத்துனீங்க?"

"எப்பவும் ரெண்டு டம்ளருங்க. கழுத்து வரைக்கும் நிக்கும்."

மூடியே குடிக்கிற கிண்ணமாகவும் இருக்கிற பிளாஸ்க். விமலாராணி மூடியைக் கழற்றி உட்புறத்தைக் காட்டினார். பளபளவென்று இருந்தது. கருப்பட்டி ஒரு முறை பட்டிருந்தால்கூட, பதினைந்து நாளில் கறுத்துப் பிசினாக ஒட்டியிருக்கும்; அவர் அதில் குடிக்கவே இல்லை. பிறகு உள்மூடியைத் திருகினார். புளித்த வாடை கிளம்பியது. அதற்கு அடியில் மல்லியும் சுக்கும். மெல்வின் ஒரு டம்ளர் வாங்கி அதில் ஊற்றினான். டம்ளர் நிறைந்தது. பிளாஸ்க் தீர்ந்தது.

"ஒரு டம்ளர்தான் இருக்கு" என்றான் மெல்வின். "இன்னொரு டம்ளர் எங்கீங்க போச்சு?"

"உங்க மக வீட்டு டம்ளருக்குள்ள" என்றார் விமலாராணி.

கருப்பாத்தாள் நிமிர்ந்தார்.

"நித்யா வெச்சது சக்கரை போடாத காப்பிங்க. அவ போன் பேச உள்ள போனா. திரும்பி வந்தப்ப டம்ளர் நிறைய, சுடச்சுட இருந்துச்சு. மதியம் உங்க மருமகன் அதைக் குடிச்சாரு. இனிப்பா இருந்துச்சாம். அவர் கையிலயும் பட்டை இருக்கு. தினமும் காப்பி குடிச்சா அது ஏறும். அன்னிக்கு அசையவே இல்ல. ஏன்னா அவர் குடிச்சது நீங்க போட்ட மல்லிக் காப்பி. நித்யா போட்ட காப்பி அதுக்கு முன்னாலயே உங்க வீட்டுக்காரர் உள்ள போயிருச்சு. பதினொண்ணேகாலுக்கு. குடிச்சுட்டு, குடிச்சது தெரியக் கூடாதுன்னு, இந்தப் பிளாஸ்கைத் திறந்து அதே அளவுக்கு ஊத்தி வெச்சுட்டு, செருப்பு மாட்டிட்டாரு."

"பேப்பரை மாத்திட்டாருங்க டீச்சர்" என்றான் மெல்வின். அவன் குரலில் கேலி இல்லை.

"இருபத்திரண்டு வருசத்துல இவ்வளவு சுத்தமா காப்பி அடிச்ச ஆளை நான் பாத்ததில்ல" என்றார் விமலாராணி. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

கதிர்வேலுக்கு இதில் தேவையான பகுதி மட்டும் காதில் விழுந்தது. "பாத்தீங்களா! நான் சொன்னனா இல்லையா? அவ குடுத்துருக்கறா! அப்பா குடிச்சுருக்காரு! அவதான்..."

"கண்ணு" என்றார் கருப்பாத்தாள். சத்தமாகக்கூட இல்லை. "ஆப்பரேசனுக்கு மாசி மாசமே தேதி குடுத்தாங்க. உன்ற பதவியேற்பு விழா முடியட்டும், வர்றவங்களுக்கு முன்னால அப்பா நிக்கோணும்னு நீதான் தள்ளிப்போட்ட. நான் யாருகிட்டயாச்சும் சொன்னனா?"

கதிர்வேல் போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். பதினைந்து நாளாக அந்தக் கோப்பைப் படத்தை அவன் ஏன் அத்தனை பேருக்கும் காட்டினான் என்பது அப்போது அவன் முகத்தில் தெரிந்தது. வெள்ளைச் சட்டைக்குள் ஆள் சுருங்கிப்போய், படத்துக்கு முன்னால் உட்கார்ந்தான். இந்த முறை தொண்டை அடைத்தது தானாகத்தான்.

கருப்பாத்தாள் சுவரைப் பிடித்து எழுந்தார். நிலைப்படி தாண்டி, பிளெக்ஸைச் சுற்றிக்கொண்டு, கேட்டுக்கு வந்து நின்றார். ரோட்டைத் தாண்டி மகள் நின்றாள். இருவருக்கும் நடுவில் ஒரு திருப்பூர் பஸ் போனது.

"சக்கரை போட்டியா?" என்று கேட்டார்.

நித்யஸ்ரீக்கு முதலில் புரியவில்லை. பின்னால் வந்த விமலாராணி ஒரே ஒரு முறை தலையாட்டினார். குடித்திருக்கிறார்.

நித்யஸ்ரீ ஸ்கூட்டரைப் பிடித்துக்கொண்டாள். "இல்லைங்கம்மா. போடலை."

"டிகாசன்?"

"தூக்கலாத்தானுங்க. அவருக்குப் புடிச்ச மாதிரி."

"அப்படின்னா மிச்சம் வெச்சிருக்க மாட்டாரு" என்றார் கருப்பாத்தாள். அதைச் சொல்லி முடிப்பதற்குள் முகம் கோணிக்கொண்டது. "உள்ள வா. நாளைக்குப் படையல்ல மல்லிக் காப்பி வெக்கலாம்னு உங்கண்ணன் சொன்னான், டாக்டர் சொன்னாராம்னு. செத்தவருக்கு எதுக்குச் சாமி பத்தியம்? நீ வந்து போடு. அவரையும் வரச் சொல்லு, வெயில்ல நிக்கறாரு."

நித்யஸ்ரீ ரோட்டைக் கடந்தாள். பிராங்க் செருப்பைக் கேட்டுக்கு வெளியே கழற்றிவிட்டு, எங்கே நிற்பது என்று தெரியாமல் பிளெக்ஸுக்குப் பக்கத்தில் நின்றான். கதிர்வேல் உள்ளேயிருந்து பார்த்தான். எழுந்து தடுக்கவில்லை.

சமையலறையில் நித்யஸ்ரீ டப்பா டப்பாவாகத் திறந்தாள். ஒன்றிலும் காப்பித்தூள் இல்லை.

"ரெண்டு வருசமா வாங்கலை சாமி. வாசம் புடிச்சா ஏங்கிப்போவாருன்னு" என்றார் கருப்பாத்தாள்.

மெல்வின் கேட்காமலே எழுந்து மளிகைக் கடைக்குப் போனான். கடைக்காரர், "சிக்கரி கலந்ததா, கலக்காததா?" என்று கேட்டதற்கு விரலைத்தான் நீட்டினான்.

பால் பொங்கியது. நித்யஸ்ரீ சர்க்கரை போடாமல், டிகாஷனைத் தூக்கலாக விட்டு, ஆற்றி, டம்ளரின் விளிம்புவரை ஊற்றி அப்பாவின் படத்துக்கு முன்னால் கொண்டுவந்து வைத்தாள். எல்லாரும் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். ஆவி பறந்தது, குறைந்தது, நின்றது. மேலே ஆடை படிந்தது.

அவள் ஒரு தடவை எழுந்து, அன்றைக்கு மாதிரியே டம்ளரை அவர் முன்னால் விட்டுவிட்டு உள்ளே போனாள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. அங்கே போனும் வரவில்லை, வேலையும் இல்லை. கொஞ்ச நேரம் அடுப்புப் பக்கம் திரும்பி நின்றுவிட்டு வந்தாள்.

டம்ளர் நிறையவே இருந்தது.